இடிக்கக் கூடாத புகைக்கூண்டு

எங்கள் வீட்டுக் கழிப்பறை பின்பக்கம் தனியாக இருக்கிறது. அதற்குப் போக வேண்டுமென்றால் சமையலறையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்து, புகைக்கூண்டுக்குக் கீழே நாலு எட்டு வைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. இரண்டு பக்கமும் பங்காளி வீடுகளின் சுவர் எங்கள் சுவரோடு ஒட்டியிருக்கிறது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மழைக்காலத்தில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் அந்த வழியாகப் போய் வந்தாள் என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே இருந்தேன். குறைந்தது பன்னிரண்டு தடவை. மாசமான பெண் அடிக்கடி போகத்தான் செய்வாள். ஒவ்வொரு தடவையும் அவள் தலைக்கு மேலே, ஓட்டைத் தாண்டி ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி நின்ற அந்தக் கூண்டு, பின்பக்கமாக ஒரு சாண் சாய்ந்திருந்தது.

அது சாய்ந்ததற்கு நான்தான் காரணம். யாரும் என்னைச் சொல்லவில்லை. ஆனால் நான்தான்.

வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த பிறகு விறகடுப்பு அணைந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, ஒரு சாக்கில் கல்லைப் போட்டுக் கட்டி, கயிற்றில் கோத்துக் கூண்டுக்குள் இறக்கி மேலும் கீழும் இழுப்பேன். கரி கொட்டும். மூக்கு, காது, பல்லிடுக்கு எல்லாம் கறுப்பாகிவிடும். கேஸ் வந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டேன். புகை போகாத கூண்டை எதற்காகச் சுத்தம் செய்வது என்று நினைத்தேன்.

ஆனால் மழை பெய்தால் மேலே திறந்திருந்த வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி அடுப்பு மேடையில் கறுப்பாக வழிந்தது. மனைவி துடைத்துத் துடைத்துச் சலித்துப்போனாள். வீட்டில் ஒரு கடப்பாக்கல் துண்டு கிடந்தது. ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டின் மேல் ஏறினேன். கூண்டின் வாயில் வைத்து, காற்றுகூடப் போகாதபடி சுற்றிலும் சிமெண்டு வைத்து ஒட்டினேன். கலந்த சிமெண்டு மிச்சமிருந்தது. கூண்டு செம்மண் சாந்தில் கட்டியது. வெளியே மண் கரைந்து செங்கல் பல் பல்லாகத் தெரிந்தது. அதன் மேலேயும் பூசிவிட்டேன். கீழே இறங்கி நின்று பார்த்தபோது கூண்டு புதிதாகக் கட்டியது போல இருந்தது. எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் மகளை அழைத்து வந்தோம். தினமும் அவள் குளிக்க வெந்நீர் வேண்டும். கேஸில் அண்டா வைத்தால் சிலிண்டர் பாதி மாதத்தில் தீர்ந்துவிடும் என்று மனைவி சொன்னாள். புளியமர விறகு கொல்லையில் அடுக்கியபடியே இருந்தது. நான் மறுபடி மேலே ஏறிக் கடப்பாரையால் நெம்பிக் கல்லை எடுத்தேன். கல்லோடு இரண்டு வரிசைச் செங்கல்லும் அசைந்து கொடுத்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே அடுப்பு மூட்டினோம்.

மூன்று நாள் நன்றாக எரிந்தது. நாலாம் நாள் காலையில், எதையோ தரையில் ஓங்கிப் போட்டது போல ஒரு சத்தம். வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். ஓட்டு மட்டத்தில் தொடங்கி மேலே வரைக்கும் ஒரு விரிசல், பல்லி ஓடுவது போல வளைந்து வளைந்து போயிருந்தது. அடுப்பை அணைத்தோம். ஆனால் அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. விரிசலில் முதலில் என் நகம் நுழைந்தது. பிறகு சுண்டுவிரல் நுழைந்தது. பிறகு கூண்டே சாயத் தொடங்கியது.

மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். எங்கள் பக்கத்தில் பழைய கட்டடம் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். வந்ததும் ஏணியில் ஏறிக் கூண்டை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பூச்சுக்கு உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் கேட்டது.

"யாரு தம்பி இதுக்கு சிமெண்ட்டு பூசனது?"

நான் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். மண்ணுல கட்டுன செவுருக்கு சிமெண்ட்டு சட்ட போட்டா, உள்ள போன தண்ணி எங்கிட்டு வெளிய வரும்? மேலயும் கல்லு வெச்சி மூடியாச்சி. வருசக் கணக்கா ஊறிக் கெடந்த செவுத்துல திடீர்னு நெருப்ப வெச்சா வெடிக்காம சிரிக்குமா?"

இறங்கி வந்து பையைத் திறந்தார். "ஓட்டு மட்டத்துக்கு எறக்கிடலாம். அதுக்கப்புறம் சுண்ணாம்பு போட்டு கட்டி, மேல நாலு மூலையிலயும் செங்கல்லு கால் வெச்சி, அதும் மேல மூடி போடறன். மழையும் எறங்காது, காத்தும் வந்து போவும். அரை நாள்ல இடிச்சிருவேன்." சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "வூட்டுல யாரும் மாசமா இல்லீங்களே?"

எனக்குக் கேட்டது. நான் அவருடைய பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று பொய் சொல்லவும் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. ஒரு நிமிடம் சும்மா இருந்தால் அவர் ஏணியில் ஏறி இரண்டு அடி அடித்துவிடுவார் என்று மனதுக்குள் ஓர் ஆசை இருந்தது. அதற்குள் மகள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு பின்கதவில் வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் அவள் வயிறு வந்து நின்றது.

மேஸ்திரி சுத்தியலைப் பையில் போட்டார். "ஏன் தம்பி, நான் கேட்டது காதுல வுழுவலியா? வாயில என்னா கொழுக்கட்டையா?"

மகள் சிரித்துவிட்டாள். "எங்கப்பா அப்பிடித்தாங்க. பந்தியில சாம்பாரு வேணும்னாகூட பக்கத்து எலைக்காரரு கேக்கட்டும்னு உக்காந்திருப்பாரு."

"எத்தன மாசம்மா?"

"எட்டு நடக்குதுங்க."

"கொழந்த பொறந்து முப்பது நாளு கழியட்டும். நானே வர்றேன். இப்ப ஒரு செங்கல்லக்கூட தொடமாட்டன்."

"அதுவரைக்கும் அது நிக்குங்களா?"

"நிக்கணும்னு இருந்தா நிக்கும்மா" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

மாசமான பெண் இருக்கும் வீட்டில் இடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. சிறு வயதிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பெண்ணின் வயிற்றில் இருப்பதன் மேல்தான் அந்த அடி விழும் என்பார்கள். சரி, இடிக்காமல் என்ன செய்யலாம் என்று என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பங்காளி மனைவியும் அன்று பின்வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பூசலாம்ல அக்கா? பூசறது ஒட்ற வேலதான."

"கொத்தாம எப்பிடிடி பூசுவ? பூசறதுக்கு முன்ன கொத்தணும்ல?"

"அப்ப வேணாம். கயிறு போட்டு கட்டலாம்."

"கட்டலாம்."

"ஆனா முடிச்சு போடக் கூடாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க அக்கா. அப்புறம் வலி வராம முடிஞ்சிக்கும்னு."

"உங்க ஊர்ல சொல்லாததுதான் என்னா இருக்குது? சோறு தின்னாதன்னுகூட சொல்வாங்க" என்றாள் என் மனைவி.

அப்படியாகக் கயிறு மட்டும் கட்டலாம் என்று முடிவானது. போர்வெல்லுக்கு வாங்கிய நைலான் கயிற்றைக் கூண்டின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, ஓட்டின் மேலாக இழுத்து வந்து முன்பக்கத் தூணில் கட்டினேன். தக்காளிச் செடிக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் மல்ச்சிங் சீட்டில் மிச்சமிருந்ததை எடுத்துக் கூண்டின் தலையை மூடினேன். ஆணி இல்லாததால் ஓரங்களில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். காற்றடித்தால் கற்கள் ஓட்டில் தட்டிக்கொண்டே இருக்கும்.

பங்காளி மனைவி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னாங்க மாமா, கூண்டு எங்கியாச்சும் ஓடிப் போயிரும்னு கட்டி வெச்சிட்டீங்களா?"

காலையில் எழுந்ததும் தூணில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்ப்பேன். கயிறு இறுக்கமாக இருந்தால் கூண்டு இன்னும் சாய்கிறது என்று பயம். தளர்ந்திருந்தால் கயிறு பிடிக்கவில்லை என்று பயம். காக்கை வந்து அதன் மேல் உட்கார்ந்தால் கையைத் தட்டி விரட்டுவேன்.

வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் என் ஹெல்மெட்டை எடுத்துப் பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. கையால் காட்டினேன்.

"எதுக்குப்பா இது?" என்று கேட்டவள், மேலே பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இங்க வா, பாரு. பாத்ரூமுக்கு ஹெல்மெட்டு போட்டுக்கினு போற மொத ஆளு நான்தான். வழியில போலீசு புடிச்சா லைசென்சு கேப்பாங்கப்பா, அதையும் குடுத்துருங்க." ஆனாலும் போட்டுக்கொண்டாள். எனக்காகத்தான் போட்டுக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அவள் கல்லூரியில் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கூச்சம் கிடையாது. "அப்பா, தலைமேல வுழற மாதிரி ஒன்ன வெச்சிக்கினு, அத எடுத்தா கொழந்தைக்கு ஆவாதுன்னு சொல்றீங்களே, வுழுந்தா மட்டும் ஆவுமா? மேஸ்திரிய வரச் சொல்லுங்க. நானே சொல்றேன்" என்று தினமும் சொன்னாள். அவள் சொன்னது சரி. ஒவ்வொரு தடவையும் எனக்கு அது சரி என்றுதான் பட்டது. ஆனால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை உண்டாகியிருந்தது.

கல்யாணமான அடுத்த வருடம். அப்போது இந்தச் சமையலறையில் புகைக்கூண்டு கிடையாது. மனைவி நாலு மாதம். அடுப்புப் புகையில் இருமி இருமி, தின்றதெல்லாம் வாந்தி எடுத்தாள். கண் எப்போதும் சிவந்தே இருந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. கூண்டு கட்டலாம் என்றேன். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள், பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். என் வாழ்க்கையில் எல்லோருடைய பேச்சையும் மீறி நான் ஒரு காரியம் செய்தது அது ஒன்றுதான். நானே கடப்பாரையை எடுத்துச் சுவரில் ஓட்டை போட்டேன். பத்து நாளில் கூண்டு எழும்பியது. புகை நேராக மேலே போனது. மனைவி இருமாமல் சமைத்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். எனக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இன்றைக்கு என்னிடம் ஒரு பதிலாவது இருந்திருக்கும். மனைவி அந்தக் கூண்டின் கீழே எத்தனையோ வருடம் களி கிண்டினாள், சோறு ஆக்கினாள். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மகளிடம் நாங்கள் இருவரும் சொன்னதே இல்லை.

ஒன்பதாம் மாதம் தொடங்கிய வாரத்தில், மதியம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மகள் பின்பக்கம் போய்விட்டுத் திரும்பி உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். கதவைச் சாத்தக்கூட இல்லை, மேலேயிருந்து இரண்டு செங்கல்லும் ஒரு பாளம் சிமெண்டுப் பூச்சும் வாசற்படியில் வந்து விழுந்தன. படிக்கல்லின் ஓரம் உடைந்துபோனது. அவள் நடந்து வந்த ஈரக் கால் தடத்தின் மேலேயே ஒரு செங்கல் கிடந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். மனைவி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு சாமி பெயர் சொன்னாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.

போனில் பேச எனக்கு வராது. மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மேஸ்திரியின் ஊருக்கு நடந்தே போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் வீட்டு முன்னால் நின்றபோது, சொல்லிப் பார்த்ததில் பாதி மறந்துவிட்டது.

"இடிச்சிருங்க" என்றேன்.

"அட, தம்பிக்கு வாய் இருக்குதே!" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் செங்கல் விழுந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் தாடையைத் தடவினார்.

"அடிக்கற கை என்னுது தம்பி. பொறக்கற புள்ளைக்கு ஒன்னுன்னா, சாவற வரைக்கும் இந்தக் கையத்தான நான் பாத்துக்கினு இருக்கணும்? உங்க பொண்ணு வாயால, இடின்னு என் மூஞ்சி பாத்து சொல்லட்டும். அடிக்கறேன். நாளைக்கே வர்றேன்."

அவர் அந்தக் கையின் பேச்சை எடுத்தபோது எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் சரி என்றேன். மகள் சொல்லிவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி சுத்தியலும் சட்டியுமாக வந்தார். நான் ஏணியைச் சாய்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். அவள் கதவு வரைக்கும் வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"வேணாங்க. இருக்கட்டும்."

"ஏம்மா, நேத்து செங்கல்லு வுழுந்துச்சாமே? அப்பா பஸ் ஏறி வந்து சொன்னாரே?"

"தெரியும்ங்க. இருக்கட்டும். பொறந்த பின்னாடி பாத்துக்கலாம்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தார். அவள் பின்னால் இருட்டில் என் மனைவி நின்றிருந்தாள். நான் மேஸ்திரி ஊருக்குப் போயிருந்த நேரத்தில் அவள் அந்த முதல் குழந்தையைப் பற்றி மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. மகள் பிடிவாதக்காரி. அவளை நிறுத்த மனைவியிடம் வேறு என்ன இருந்தது?

நான் ஏணியை எடுத்துப் படுக்கப் போட்டேன்.

மேஸ்திரி போன பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 

"பையனாப்பா, பொண்ணா?"

"பையன்" என்றேன்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.  நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, துணி சுற்றியிருந்தபோது. அதை எப்படிச் சொல்வது?

பிரசவத்துக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. மகள் ஹெல்மெட்டை நான் காட்டாமலே போட்டுக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல் வேகமாகக் கடப்பாள். நான் தோட்டத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். தக்காளி செடியிலேயே பழுத்து வெடித்தது. அவள் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் போய்க் கூண்டுக்குக் கீழே நின்றுகொள்வேன். நான் நின்றால் செங்கல் விழாது என்று ஒன்றும் இல்லை. விழுந்தால் பிடிக்கவும் முடியாது. ஆனாலும் நின்றேன். "தள்ளுங்கப்பா, உங்க மேல வுழப்போவுது" என்பாள். நான் நகர மாட்டேன். இரண்டு பேருமாக அந்த நாலு எட்டைக் கடப்போம்.

விரிசல் இப்போது என் முழுக் கையும் நுழையும் அளவுக்கு இருந்தது. ஒருமுறை உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். சாந்து சேறாக, விரலோடு வந்தது. உள்ளே இருந்த கரி ஈரத்தில் களி போல ஆகியிருந்தது. வருடா வருடம் அந்தச் சாக்கை இறக்கியிருந்தால், மூடியைத் தூக்கி வைத்திருந்தால், சிமெண்டு பூசாமல் இருந்திருந்தால் என்று நினைத்தபடி கையைக் கழுவினேன்.

கூண்டு விழவில்லை. அதற்குள் அவளுக்கு வலி வந்துவிட்டது. காலை நேரம்தான். பாலக்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது நான் அதன் உதடு, விரல், காது எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் இருந்தன.

சாயங்காலம் பங்காளி மனைவி பார்க்க வந்தாள். வார்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையை மடியில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள். "ஒரு கொறையும் இல்ல அக்கா. அத்தன மழையிலயும் பொகக்கூண்டு மேல ஒருத்தரு கை வெக்காம இருந்தீங்களே, அதான்."

"அதான்" என்றாள் என் மனைவி. அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. அதே முகத்தோடு என் பக்கம் திரும்பினாள். "இல்லீங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆமாம் என்று சொன்னால், அந்தப் பையன் போனது நான் கடப்பாரையை எடுத்ததால்தான் என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். இரண்டு பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை கொட்டாவி விட்டது.

"ஆமா" என்றேன்.

மனைவியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கண் என் மேல் நின்றுவிட்டது. அவளுக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். அவள் சட்டென்று குனிந்து, நன்றாகவே சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி குழந்தைக்குச் சுற்றினாள். நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கக் கீழே இறங்கினேன்.